ஜேம்ஸ் லிக்

ஜேம்ஸ் லிக் (ஆகஸ்ட் 25, 1796 – அக்டோபர் 1, 1876) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நில வணிகரும் கொடையாளரும் ஆவார். தொழிலால் தச்சர்; பின்னர் பியானோ செய்பவர். தென் அமெரிக்க நாடுகளில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பியானோ செய்து விற்றுப் பொருளீட்டினார். 1848 இல் கலிபோர்னியாவுக்கு வந்து சான் பிரான்சிஸ்கோ நகரில் மனைகளை வாங்கிச் சேர்த்தார். அங்கு ஏற்பட்ட தங்க வேட்டையினால் நில மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. இறுதிக் காலத்தில் அம்மாநிலத்தின் மிகப் பெரும் செல்வராக இவர் கருதப்பட்டார். தமது சொத்தில் பெரும்பகுதியை அறக்கட்டளை ஒன்றின் வழியாகப் பொதுப்பணிகளுக்கு எழுதிவைத்தார். அதிலிருந்து உருவானவற்றுள் ஹாமில்டன் மலையுச்சியில் உள்ள லிக் வானாய்வகமே உலகறிந்தது. அவ்வாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியைத் தாங்கும் தூணின் அடியிலேயே இவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

இளமை

லிக், பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்டம்ப்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று பிரெடரிக்ஸ்பர்க் என்று அழைக்கப்படுகிறது. செருமானிய வழிவந்த குடும்பங்கள் மிகுந்த பகுதி அது. தந்தை ஜான் லிக் ஒரு தச்சர். தந்தையிடமே லிக் மரவேலையைக் கற்றார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவே.

இளமையில் பார்பரா ஸ்னேவ்லி என்ற பெண்ணை இவர் விரும்பினார். அப்பெண் கருவுற்றபோது திருமணம் செய்துகொள்ள முன்வந்தார். பார்பராவின் தந்தை அவ்வூரில் மாவு ஆலை வைத்திருந்தவர். கையில் பொருளற்ற தச்சருக்குப் பெண் தர மறுத்துவிட்டார். தம்முடைய ஆலைக்கு நிகரான ஆலை ஒன்று சொந்தமாக இருந்தால் மட்டுமே பெண் கேட்டு வரலாம் என்று அவர் இகழ்ந்ததாக ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, லிக்கின் பிற்கால வாழ்க்கையில் ஓர் ஆலை முக்கிய இடம் பெற்றதால் இக்கதை விடாமல் சொல்லப்பட்டு வருகிறது. 1818 இல் ஜான் ஹென்றி என்ற மகன் பிறந்தான். லிக் ஊரை விட்டு வெளியேறினார். பின்னர் இவர் வாழ்நாள் முழுவதும் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பால்டிமோர் நகருக்குச் சென்ற லிக், அங்கு ஜோசப் ஹிஸ்கி என்னும் பியானோ செய்பவரிடம் வேலைக்குச் சேர்ந்து அத்தொழிலைக் கற்றார். பின்னர் சிறிது காலம் நியூயார்க்கில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். தாம் செய்யும் பியானோக்கள் தென் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாவதை அறிந்து, வாங்குவோர் இருக்கும் இடத்துக்கே சென்றுவிடலாம் எனத் துணிந்து, 1821 இல் அர்கெந்தீனாவின் புவெனஸ் ஐரிஸ் நகருக்குக் கப்பலேறினார்.

தென் அமெரிக்காவில்

எசுப்பானிய மொழி அறியாமல் அங்கு சென்ற லிக்குக்குத் தொடக்கம் கடினமாக இருந்தது. உடல்நலமும் குன்றியது. ஆயினும் தொழில் வளர்ந்தது. 1825 இல் ஓராண்டு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். திரும்பும் வழியில் இவர் வந்த கப்பலைப் போர்த்துக்கீசர் சிறைபிடித்து, பயணிகளைப் போர்க் கைதிகளாக மொண்டேவீடியோவுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து தப்பிய லிக் நடந்தே புவெனஸ் ஐரிஸ் வந்து சேர்ந்ததாகக் கூறப்படுகிறது.

1832 இல் பொருளுடன் சொந்த ஊர் திரும்பினார். பார்பராவையும் மகனையும் அடையவேண்டும் என்பதே நோக்கம். அது நிறைவேறவில்லை. மீண்டும் தென் அமெரிக்காவுக்கே போனார். அரசியல் குழப்பங்கள் காரணமாக அர்கெந்தீனாவை விட்டுச் சிலி நாட்டின் வல்பரைசோ துறைமுக நகரிலும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் பெரு நாட்டின் லீமா நகரிலும் குடியேறினார். லீமாவில் இவருக்கு நண்பராக அமைந்தவர் இத்தாலியரான டொமிங்கோ கிரார்டெல்லி. அவர் சாக்கலேட்டும் இனிப்புகளும் செய்து விற்பவர்.

1846 இல் மெக்சிக்கோவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையே போர் மூண்டது. மெக்சிக்கோவின் பகுதியாக இருந்த கலிபோர்னியா ஐக்கிய அமெரிக்காவின் வசமாகும் என்று லிக் கணித்தார். அங்கு குடியேற உடனே முடிவு செய்தார். ஆனால் உடனே புறப்படவில்லை. முன்பணம் பெற்று ஒப்புக்கொண்ட பியானோக்கள் முடியாமல் கிடந்தன. இவரிடம் வேலை செய்த மெக்சிக்கத் தொழிலாளர்கள் தங்கள் நாட்டுப் படையில் சேரப் போய்விட்டனர். எஞ்சிய பியானோக்களைத் தாமே செய்து முடித்துக் கொடுத்த பின்னரே லீமாவை விட்டார். இதனால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் தாமதம் ஏற்பட்டது. இத்தாமதமே இவரைச் சரியான நேரத்தில் கலிபோர்னியாவில் இறக்கியது எனலாம்.

சான் பிரான்சிஸ்கோவில் நிலம்

1848 சனவரியில் லிக் சான் பிரான்சிஸ்கோ வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 51. உடன் கொண்டுவந்தவை: தச்சுக் கருவிகள், வேலை மேசை, ஏறத்தாழ 30,000 டாலர் மதிப்புள்ள தங்கம், கிரார்டெல்லி செய்த சாக்கலேட் 600 இறாத்தல் (ஏறத்தாழ 270 கிலோகிராம்). சாக்கலேட் விரைவில் விற்றுத் தீர்ந்தது. இச்செய்தியை லிக் நண்பருக்குத் தெரிவிக்க, அவரும் கலிபோர்னியாவுக்கு வந்தார். இன்றும் சான் பிரான்சிஸ்கோவின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்கும் கிரார்டெல்லி சாக்கலேட் நிறுவனம் இவ்வாறு பிறந்தது.

அக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த, மணல்மேடுகள் சூழ்ந்த ஊர். 'எர்பா புவெனா' என்ற பழைய பெயர் மாறி ஓராண்டே ஆகியிருந்தது. லிக் வந்தவுடன் மனைகளை வாங்கத் தொடங்கினார். 1848 சனவரி 24 அன்று, சாக்ரமெண்டோவுக்கு அருகே உள்ள சட்டர் என்பவரின் மரம் அறுக்கும் ஆலையின் நீர்க்காலில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவியபின் ஊரிலிருந்த ஆண்களில் பெரும்பாலோர் கடைகளையும் வீடுகளையும் விட்டுவிட்டு மலைகளுக்கு ஓடினர். புறப்பட அவசரப்பட்டவர்கள் மனைகளைக் கிடைத்த விலைக்கு விற்றனர். கையில் தங்கத்துடன் ஊரிலேயே இருந்த மிகச் சிலருள் லிக் ஒருவர்.

லிக்கும் தங்கம் தோண்டப் போகாமல் இல்லை. சுமார் ஒரு வாரம் தோண்டிப் பார்த்துத் திரும்பிவிட்டார். நிலத்தைத் தோண்டுவதைவிட நிலத்தை வைத்திருப்பதே செல்வம் தரும் என்ற முடிவுக்கு வந்தார். 1850 ஆம் ஆண்டளவில் நகரின் மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தாண்டியது. வீட்டுக்கும் கடைக்கும் கிடங்குக்கும் இடமின்றி மக்கள் தவித்தனர். சில மாதங்களுக்கு முன் கேட்பாரற்றுக் கிடந்த மணல் மனைகள் நகரின் நடுவிடமாயின. வாங்கிய நிலத்தை எளிதில் விற்காமல் வைத்திருந்ததே லிக்கின் முறையாகும். தங்க வேட்டையில் பெருஞ்செல்வம் சேர்த்தவர்களுள் பலர் தங்கம் எடுத்தவர்கள் அல்லர் என்பதற்கு இவர் வாழ்க்கை எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவதுண்டு.

பின்னாளில் இவருடைய நிலங்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியேயும் பரவின. சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் பண்ணைகள், டாகோ ஏரிக்கரையில் நிலம், நெவாடாவின் வெர்ஜீனியா நகரில் சொத்து, லாஸ் ஏஞ்சலசில் லாஸ் பெலிஸ் பண்ணை, தென் கலிபோர்னியக் கடலில் உள்ள சான்டா காட்டலினா தீவு ஆகியன இவருக்கு உரியனவாக இருந்தன. லாஸ் பெலிஸ் பண்ணையின் ஒரு பகுதி பல கைகள் மாறி, பிற்காலத்தில் கிரிபித் பூங்கா ஆயிற்று. அங்கும் 1935 இல் ஒரு வானாய்வகம் திறக்கப்பட்டது தற்செயலே.

மாவு ஆலையும் பழத்தோட்டமும்

1850களில் லிக் சான் ஓசேக்கு வடக்கே, குவாடலூப்பே ஆற்றங்கரையில் நிலம் வாங்கி ஒரு மாவு ஆலை கட்டினார். ஆலையின் உட்புற மரவேலைகளுக்கு விலையுயர்ந்த மகோகனி மரம் பயன்படுத்தப்பட்டது. மாவு அரைக்கும் இடத்துக்கு மகோகனி எதற்கு என்று அண்டை அயலார் வியந்தனர். 'மகோகனி ஆலை' என்ற பெயரே நிலைத்தது. இதற்கு ஏறத்தாழ 2 இலட்சம் டாலர் செலவானதாகச் சொல்லப்படுகிறது. அங்கு அரைத்த மாவு தரத்துக்குப் பெயர்பெற்றது. ஆலையின் படத்தைப் பென்சில்வேனியாவிலுள்ள தம் ஊருக்கு லிக் அனுப்பிவைத்தார் என்றும், அப்போது பார்பராவின் தந்தை உயிருடன் இல்லை என்றும் மேலே கூறிய கதை முடிகிறது.

ஆலையைச் சூழ்ந்து பழமரங்களை வளர்த்தார். தோட்டக்கலையில் இவருக்கிருந்த ஈடுபாடு மெய்யானது. வெளிநாட்டு மரவகைகளைத் தருவித்து நட்டார். எலும்பைப் பொடித்து உரமாக இடுவது அப்பகுதியில் அறியப்படாதிருந்த காலத்தில், பழைய வண்டி ஒன்றில் ஊர் ஊராகச் சென்று எலும்புகளைத் தாமே சேகரித்தார். நைந்த உடையில் எலும்பு வண்டி ஓட்டிச் செல்லும் முதியவர் பெருஞ்செல்வர் என்பதை அறியாதோர் அவரைப் பித்தர் என எண்ணினர். வேலை கேட்டு வந்தவரிடம் மரக்கன்றுகளைத் தலைகீழாக நடச் சொல்லி, மறுபேச்சின்றி நட்டவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார் என்பது இவரைப் பற்றி வழங்கும் மற்றொரு கதை.

கஞ்சன் என்ற பெயர் லிக்குக்கு இருந்தது. அது முற்றிலும் தவறான பெயர் அன்று. தமக்கென்று இவர் செலவிட்டது மிகக் குறைவு. ஆலைக்கு அருகே பெரிய மாளிகை ஒன்றைக் கட்டிய பின்னரும் எளிய வாழ்க்கையையே நடத்தினார். அதே நேரத்தில் தாம் செய்யும் பொருளின் தரத்தில் சிக்கனம் பார்த்ததில்லை. ஆலையின் மகோகனி மரமே அதற்குச் சான்று.

சமயக் கருத்துகளில் இவர் சுதந்திரச் சிந்தனையாளர். தாமஸ் பெய்னின் நூல்களைப் போற்றியவர். 1873 இல் அந்த ஆலையைப் பாஸ்டன் நகரில் பெய்ன் நினைவு மண்டபம் எழுப்ப முயன்றோருக்குக் கொடையாக எழுதிக் கொடுத்தார். பெற்றவர்கள் அதன் மதிப்பில் ஒரு சிறு பங்குக்கே அதை விற்றுவிட்டனர். இது லிக்குக்குப் பெரும் வருத்தத்தை அளித்தது. கொடுத்த பொருள் கொடுத்த நோக்கத்துக்கு ஏற்பக் கையாளப்படுமா என்ற ஐயம் பிற்காலத்தில் இவர் எழுதிய ஒவ்வோர் ஆவணத்திலும் தெரிவதற்கு இந்நிகழ்வும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆலை 1882 இல் தீக்கிரையாயிற்று. மாளிகையும் தானியக் கிடங்கும் இன்றும் சான்டா கிளாரா நகரில் உள்ளன.

லிக் விடுதி

1861 இல் மாண்ட்கோமரி, சட்டர் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் லிக் ஒரு விடுதியைக் கட்டத் தொடங்கினார். மூன்று மாடிகள் கொண்ட 'லிக் ஹவுஸ்' அக்காலத்தில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த விடுதிகளுள் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்டது. நானூறு பேர் அமர்ந்து உண்ணக்கூடிய அதன் உணவுக்கூடம், பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் இவர் கண்ட கூடத்தைப் பின்பற்றி அமைக்கப்பட்டது. மரவேலைகளில் சிலவற்றை உரிமையாளரே செய்தார். 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஏற்பட்ட தீயில் இவ்விடுதி அழிந்தது.

பிரமிடு முதல் தொலைநோக்கி வரை

1874 இல் சான்டா கிளாராவில் தம் வீட்டின் சமையலறையில் லிக் பக்கவாதத்தால் தாக்குண்டு வீழ்ந்தார். மறுநாள் காலையில் அவரிடம் பணிபுரிந்த தாமஸ் பிரேசர் அவரைக் கண்டெடுத்தார். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்ட லிக், தம் விடுதியின் அறை ஒன்றிலேயே எஞ்சிய நாள்களைக் கழித்தார். சொத்தை என்ன செய்வது என்பதே அந்நாள்களின் கவலையாக இருந்தது.

முதலில் இவர் எண்ணியவை தம் பெயரும் குடும்பப் பெயரும் நிலைக்கும் வகையிலான நினைவுச் சின்னங்கள். பெற்றோருக்கும் தமக்கும் கடலிலிருந்து பார்த்தால் தெரியும் அளவுக்குப் பேருருவச் சிலைகள் அமைக்க விரும்பினார். சான் பிரான்சிஸ்கோ நகரின் நடுவே தமக்குச் சொந்தமான இடத்தில், எகிப்தின் கீசா பெரும் பிரமிடைக் காட்டிலும் பெரிதான ஒரு பிரமிடைத் தம் நினைவாகக் கட்டவும் திட்டமிட்டார். போர் வந்தால் எதிரிக் கப்பல்களின் பீரங்கிகளுக்கு அச்சிலைகளே முதல் இலக்காகும் என்று ஒருவர் எடுத்துக்கூறியதால் சிலைத் திட்டத்தைக் கைவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

இவர் மனத்தை வானியலின் பக்கம் திருப்பியதில் பெரும்பங்கு ஜார்ஜ் டேவிட்சனுக்கு உரியது. டேவிட்சன் ஐக்கிய அமெரிக்கக் கடற்கரை நில அளவைத் துறையின் அறிவியலாளர். கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் தலைவர். 1873 இல் அக்கழகத்துக்கு லிக் மார்க்கெட் தெருவில் ஓர் இடத்தை எதிர்பாராத வகையில் கொடையளித்தார். நன்றி கூறச் சென்றதில் தொடங்கிய பழக்கம் நட்பாயிற்று. டேவிட்சன் அடிக்கடி வந்து சனிக் கோளின் வளையங்களைப் பற்றியும் வியாழனின் பட்டைகளைப் பற்றியும் பேசினார். உயர்ந்த மலைகளில் காற்று தெளிவாகவும் அசைவின்றியும் இருப்பதைத் தம் அளவைப் பணியில் நேரில் கண்டவர் அவர். அதுவரை பெரும்பாலான வானாய்வகங்கள் நகரங்களிலும் பல்கலைக்கழக வளாகங்களிலுமே அமைந்திருந்தன.

எனினும் விதை முன்பே விழுந்திருந்தது என்பதையும் கூறவேண்டும். 1860 இல் ஜார்ஜ் மடீரா என்னும் வானியல் ஆர்வலர் தம் தொலைநோக்கி வழியாக லிக்குக்குப் பல இரவுகள் வானத்தைக் காட்டினார். வாழ்நாளில் லிக் கண் வைத்துப் பார்த்த தொலைநோக்கிகள் மடீராவினுடையவை மட்டுமே.

தொலைநோக்கியை நகரின் நடுவே, பிரமிடு வைக்க எண்ணிய அதே இடத்தில் அமைக்கவே லிக் முதலில் விரும்பினார். பின் டாகோ ஏரிப் பகுதி, செயின்ட் எலனா மலை எனக் கருத்து மாறிக்கொண்டே வந்தது. 1875 இல் பிரேசர், சான் ஓசேக்குக் கிழக்கேயுள்ள ஹாமில்டன் மலையைப் பரிந்துரைத்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரமுள்ள அம்மலையை லிக் ஏற்றார். ஆனால் மலையுச்சி வரை முதல் தரமான சாலை ஒன்றைச் சான்டா கிளாரா மாவட்டம் தன் செலவில் அமைக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். மாவட்டம் இணங்கியது. குதிரை வண்டிகள் பாரத்துடன் ஏறக்கூடிய மென்சரிவாக, எண்ணற்ற வளைவுகளுடன் அமைந்த அச்சாலை 1876 இறுதியில் முடிந்தது. நில வணிகரின் கணக்கு இங்கும் தவறவில்லை.

டேவிட்சனுக்கு இதில் மனநிறைவு இல்லை. அவர் எதிர்பார்த்தது இன்னும் உயர்ந்த சியேரா நெவாடா மலைத்தொடர். தொகையும் 12 இலட்சம் டாலர். லிக் இடத்தையும் தொகையையும் குறைத்தபோது அவர் விலகிக்கொண்டார்.

அறக்கட்டளை

1874 இல் லிக் தம் சொத்து முழுவதையும் ஏழு அறங்காவலர்களிடம் ஒப்படைத்து ஆவணம் எழுதினார். சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 30 இலட்சம் டாலர். வானாய்வகத்துக்கு 7 இலட்சம், இளைஞருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பள்ளிக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம், இலவசப் பொதுக் குளியலகத்துக்கு 1 இலட்சத்து 50 ஆயிரம், ஆதரவற்ற மூதாட்டியர் இல்லத்துக்கு 1 இலட்சம், கலிபோர்னிய வரலாற்றைக் காட்டும் வெண்கலச் சிலைத் தொகுதிக்கு 1 இலட்சம், அமெரிக்க நாட்டுப்பண்ணை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீயின் நினைவுச் சின்னத்துக்கு 60 ஆயிரம் என ஒதுக்கப்பட்டது. அனாதை இல்லங்களுக்கும் சிறு தொகைகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சியதை அறிவியல் கழகமும் கலிபோர்னிய முன்னோடிகள் சங்கமும் பகிர்ந்துகொள்ளவேண்டும். தொலைநோக்கியைப் பொறுத்தவரை, அதுவரை செய்யப்பட்ட எதையும்விட ஆற்றல் மிக்கதாக இருக்கவேண்டும் என்பது ஆவணத்தின் நிபந்தனை. அப்போது உலகின் மிகப் பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கி வாசிங்டன் கடற்படை வானாய்வகத்தில் இருந்த 26 அங்குலத் தொலைநோக்கி.

ஆவணம் எழுதிய ஓராண்டுக்குள்ளேயே லிக் அறங்காவலர்களோடு மனம் வேறுபட்டார். ஆவணத்தைத் திரும்பப் பெற்று வேறு குழுவை அமைத்தார். அதையும் மாற்றி 1876 இல் மூன்றாவது குழுவை அமைத்தார். ரிச்சர்ட் பிளாய்ட் என்னும் கப்பல் தலைவர் தலைமையிலான அக்குழுவே பணியை நிறைவேற்றியது.

ஆவணங்களில் மகன் ஜான் ஹென்றியின் இடம் துயரமானது. 37 வயதில், 1855 இல், தந்தை அழைத்துக் கலிபோர்னியாவுக்கு வந்தார். ஆலையில் சில ஆண்டுகள் உடனிருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, மகன் பென்சில்வேனியாவுக்கே திரும்பினார். முதல் ஆவணத்தில் இலட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள திட்டங்களுக்கு நடுவே மகனுக்கு ஒதுக்கப்பட்டது மிகச் சிறு தொகை. தந்தை இறந்தபின் அவர் அறக்கட்டளையை எதிர்த்தார். பெருந்தொகை கொடுத்துச் சமரசம் செய்த பின்னரே அறங்காவலர்கள் பணியைத் தடையின்றித் தொடர முடிந்தது.

மறைவும் வானாய்வகமும்

1876 அக்டோபர் 1 அன்று தம் விடுதி அறையில் லிக் காலமானார். அப்போது மலையுச்சியில் ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை. உடல் சான் பிரான்சிஸ்கோவில் அடக்கம் செய்யப்பட்டது.

1879 இல் சேர்பர்ன் பர்னம் என்னும் வானியலாளர் ஒரு சிறு தொலைநோக்கியுடன் மலையுச்சியில் இரண்டு மாதங்கள் தங்கி, இடம் தகுதியானதுதானா என்று ஆராய்ந்தார். அதே காலத்தில் 42 புதிய இரட்டை விண்மீன்களையும் கண்டறிந்தார். இடத்தைப் பற்றிய ஐயம் தீர்ந்தது. உச்சியைச் சமப்படுத்தப் பல்லாயிரம் டன் பாறை வெடிவைத்து அகற்றப்பட்டது.

கடினமாக அமைந்தது வில்லை. 36 அங்குல (91 செ.மீ.) விட்டமுள்ள பொருளருகு வில்லைக்கு இரு வகைக் கண்ணாடித் தகடுகள் தேவை. அவற்றை வார்க்கும் பொறுப்பைப் பாரிசிலுள்ள பெய்ல் நிறுவனம் ஏற்றது. ஒரு தகடு 1882 இல் கிடைத்தது. மற்றொன்று வார்க்கும்போதும் ஆறும்போதும் மீண்டும் மீண்டும் உடைந்தது. ஏறத்தாழ இருபது முயற்சிகளுக்குப் பின் 1885 இல்தான் குறையற்ற தகடு அமைந்தது. மாசசூசெட்சில் ஆல்வன் கிளார்க் குழுமத்தார் அவற்றைத் தேய்த்து மெருகேற்றினர். 1886 திசம்பர் இறுதியில் வில்லை மலையேறியது.

1887 சனவரி 9 அன்று லிக்கின் உடல் மலைக்குக் கொண்டுவரப்பட்டு, தொலைநோக்கியைத் தாங்கவிருந்த தூணின் அடித்தளத்தில் வைக்கப்பட்டது. பிரமிடு கட்ட விரும்பியவருக்கு இறுதியில் கிடைத்த கல்லறை இது. பெயர் பொறித்த எளிய உலோகப் பலகை ஒன்றே அங்குள்ள அடையாளம்.

1888 சனவரி 3 அன்று இரவு கடுங்குளிரில் முதன்முறையாகத் தொலைநோக்கி வழியே பார்க்கப்பட்டது. குழல் தேவைக்கு அதிகமான நீளத்தில் அமைந்திருந்தமையால் உருவம் தெளிவாகக் குவியவில்லை. குழலைக் குறைத்த பின்னரே சரியாயிற்று. அவ்வாண்டு சூன் 1 அன்று வானாய்வகம் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எட்வர்ட் ஹோல்டன் முதல் இயக்குநரானார். 1897 இல் யெர்க்கீசு வானாய்வகத்தின் 40 அங்குலத் தொலைநோக்கி வரும்வரை இதுவே உலகின் மிகப் பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கி. மலையுச்சியில் ஆண்டு முழுவதும் ஆட்கள் தங்கிப் பணிபுரிந்த முதல் வானாய்வகமும் இதுவேயாகும்.

1892 செப்டம்பர் 9 அன்று எட்வர்ட் எமர்சன் பார்னார்டு இத்தொலைநோக்கியின் வழியே வியாழனின் ஐந்தாவது நிலவான அமல்தியாவைக் கண்டறிந்தார். 1610 இல் கலிலியோ நான்கு நிலவுகளைக் கண்டபின் வியாழனுக்குப் புதிய நிலவு கண்டறியப்பட்டது அப்போதுதான். ஒளிப்படமின்றி நேரடியாகக் கண்ணால் பார்த்துக் கண்டறியப்பட்ட கடைசி நிலவும் அதுவே. 1898 சனவரி 22 இல் நிகழ்ந்த முழுச் சூரிய ஒளிமறைப்பைக் காண, இவ்வானாய்வகக் குழு ஒன்று இந்தியா வந்து மராட்டியப் பகுதியிலுள்ள ஜேவூரில் முகாமிட்டது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

2020 ஆகஸ்டில் காட்டுத் தீ மலையுச்சியை நெருங்கியது. குடியிருப்பு ஒன்று எரிந்தது. தொலைநோக்கிக் குவிமாடங்கள் தப்பின.

பிற கொடைகளின் நிலை

குளியலகம் 1890 இல் சான் பிரான்சிஸ்கோவின் பத்தாவது தெருவில் திறக்கப்பட்டது. வீட்டில் குளிக்கும் வசதியற்ற தொழிலாளர் பலர் வாழ்ந்த பகுதி அது. வீடுகளிலேயே குளியலறை அமையத் தொடங்கியபின் தேவை குறைந்து, 1919 இல் மூடப்பட்டது. கைத்தொழில் பள்ளி 1895 இல் தொடங்கப்பட்டது. பின்னர் வேறு பள்ளிகளுடன் இணைந்து லிக்-வில்மர்டிங் உயர்நிலைப் பள்ளியாக இயங்கிவருகிறது. தச்சு, உலோக வேலைகள் அங்கு இன்றும் கற்பிக்கப்படுகின்றன. தம் பண்ணையில் அமைப்பதற்காக லிக் வாங்கிப் பிரிக்கப்படாமலேயே பெட்டிகளில் கிடந்த கண்ணாடி வீடு, அவர் இறந்தபின் நகரச் செல்வர்கள் சிலரால் வாங்கப்பட்டு, 1879 இல் கோல்டன் கேட் பூங்காவில் மலர்க் காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

சிலைகளின் வரலாறு வேறு விதமானது. பிராங்க் ஹாப்பர்ஸ்பர்கர் வடித்த முன்னோடிகள் நினைவுச் சின்னம் 1894 இல் நகர மன்றத்தின் முன் திறக்கப்பட்டு, 1906 நிலநடுக்கத்திலும் தப்பியது. அதில் அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரைத் தாழ்ந்து கிடப்பவராகக் காட்டிய தொகுதிக்குப் பல ஆண்டுகளாக எதிர்ப்பு இருந்துவந்தது. 2018 செப்டம்பரில் நகர நிருவாகம் அத்தொகுதியை அகற்றியது. கோல்டன் கேட் பூங்காவில் 1888 இல் நிறுவப்பட்ட கீயின் சிலை, அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்ற காரணத்தால் 2020 சூன் 19 அன்று போராட்டக்காரர்களால் வீழ்த்தப்பட்டது.

சான் பிரான்சிஸ்கோவின் நெடுஞ்சாலை ஒன்றும், நிலவிலுள்ள ஒரு பெருங்குழியும் லிக்கின் பெயரைத் தாங்கியுள்ளன. 1949 இல் லிக் வானாய்வகத்திலேயே கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்கு '1951 லிக்' என்று பெயரிடப்பட்டது. 36 அங்குலத் தொலைநோக்கி இன்று முன்னணி ஆய்வுக்குரியதாக இல்லை. பார்வையாளர் இரவுகளில் பொதுமக்கள் அதன் வழியே வானத்தைப் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டு வந்துள்ளது.